தட்டினால் விட வேண்டும்

மல்லாந்து கிடந்த அண்ணன் இராமையாவின் கழுத்தை ஒரு கையால் வளைத்து, அவன் மார்பின்மீது தன் விலாவை அழுத்தியபடி தவமணி சிமெந்துத் தரையில் அமர்ந்திருந்தாள். அவனுடைய வலக்கை அவள் பிடியில் இருந்தது. இருவரும் விழுந்தபோது அவன் கையிலிருந்து தெறித்த, தேயிலைச் செடிகளைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி அலுமாரியின் அடியில் கிடந்தது. அம்மாவை லொறியால் மோதிக் கொன்ற கறுப்பையா அன்று காலைதான் பிணையில் தெல்தோட்டைக்குத் திரும்பியிருந்தான். இதே லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு அவனுடையது.

"விடு புள்ள. இங்க யாரும் மெடல் தரமாட்டாங்க."

"போகமாட்டேன்னு சொல்லுண்ணே. விட்டுர்றேன்."

அவன் திமிறினான். அவள் அவன் கையை நீட்டி, முழங்கையின் பின்புறம் தன் தொடைமீது பதியுமாறு வைத்து, மணிக்கட்டைக் கீழ்நோக்கி அழுத்தினாள். கண்டி நகரத்து ஜூடோக் கழகத்தில் கற்ற பூட்டு அது. ஞாயிறுதோறும் அவளை பஸ்ஸில் அங்கே அழைத்துச் சென்றவன் இராமையாதான். வீட்டில் பழகுவதற்கு ஆளில்லாதபோது இதே தரையில் சாக்கை விரித்துத் தன் கையைக் கொடுத்தவனும் அவனே. வலி எல்லையைத் தொட்டதும் இடக்கையால் தரையைத் தட்டுவான்; அக்கணமே அவள் விட்டுவிடுவாள். தன் எலும்பை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் துணிவு முழுவதும் அந்தத் தட்டலின்மீதே நின்றது. அதைப் பொய்யாகவும் தட்டலாம் என்று அவளுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

இராமையா தட்டினான்.

அவள் யோசிக்கவில்லை, கைகள் தாமாகவே தளர்ந்தன. அவன் புரண்டு கத்தியை நோக்கிப் பாய்ந்தான். அதன் பிடியை அவன் விரல்கள் தொட்ட வேளையில், அவள் அவன் சட்டைக் கழுத்தைப் பற்றி இழுத்து, மீண்டும் மல்லாத்தி, மீண்டும் கையைப் பூட்டினாள். அலுமாரியின் அடியிலிருந்து இழுபட்டு வந்த கத்தி இப்போது அவனது இடக்கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"என்கிட்டயே பொய்யாத் தட்டிட்டியேண்ணே."

"ஒனக்கும் அவங்கதான அம்மா."

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை அச்சுறுத்தியது. இந்தக் கை ஒடிந்தால் இனி அவனால் கவ்வாத்து வெட்ட முடியாது. விட்டாலோ, இருட்டுவதற்குள் அவன் கொலைகாரன். மணிக்கட்டை மேலும் அழுத்தினாள். அவன் மூட்டுக்குள் ஏதோ இழுபடுவதை அவள் தொடை உணர்ந்தது.

லயத்தின் கடைசியில் கறுப்பையா யாருடனோ பேசிச் சிரிப்பது கேட்டது. இராமையாவின் உடல் அவளுக்கடியில் ஒருமுறை துள்ளி அடங்கியது.

"தவம், கை போகுது. நெசமாத்தான்."

இடக்கை தரையைத் தட்டியது. அவள் பிடியை விடாமல் முகத்தை அவன் தோளில் புதைத்துக்கொண்டாள். விரிந்த உள்ளங்கை மறுபடியும் மறுபடியும் சிமெந்தில் விழுந்து எழுந்தது. ஒவ்வோர் அடிக்கும் அருகில் கிடந்த கத்தி சற்றே அதிர்ந்தது.