மூடிக்குள்ளிருந்து வந்த சத்தம்

தோண்டிமலைத் தோட்டத்திலிருந்து கன்னையனை ஏற்றிக்கொண்டு கிளம்பி ஒரு மைல்கூடப் போயிருக்காது, வண்டிச் சத்தத்தில் ஏதோ சரியில்லை என்று அமுதவள்ளிக்குப் பட்டது. பாட்டை நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். காய்ந்த ஏலக்காயைச் சுளகில் போட்டுத் தேய்ப்பதுபோல ஒரு உரசல். வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

போடியில் வாடகைக்குக் கார் ஓட்டுகிறவள் அமுதவள்ளி. ஏழு வருஷமாக இதே டீசல் வண்டிதான். அது சளி பிடித்ததுபோல இருமினாலும் எங்கேயிருந்து இருமுகிறது என்று சொல்லிவிடுவாள். ஆனால் இந்தச் சத்தம் அவளுக்குப் புதிது. சனிக்கிழமைதான் ராஜா முகம்மது பட்டறையில் எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் பெல்ட்டை மாற்றி எடுத்து வந்திருந்தாள். இன்று திங்கள். காலையில் மலையேறி வரும்போதுகூட வண்டி வெண்ணெயாக ஓடியது.

பின் சீட்டில் கன்னையன் ஜன்னலில் தலை சாய்த்திருந்தான். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் தேனி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஞாயிறு இடையில் வருவதால் திங்கள்கிழமைதான் அவனுக்கு ரொம்பப் பாடு. காலிரண்டும் வீங்கி செருப்புக்குள் நுழையாது, மூச்சு வாங்கும். பக்கத்தில் அவன் மனைவி பாண்டீஸ்வரி அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அமுதா, பாட்டை நிப்பாட்டிட்ட?"

"ஒண்ணுமில்ல மதினி. ஏதோ சத்தம் கேக்குற மாதிரி இருக்கு."

"வண்டின்னா சத்தம் வராமலா இருக்கும்?" என்றான் கன்னையன், கண்ணைத் திறக்காமல். "வெரசாப் போ ஆத்தா. பத்தரைக்கு இருக்கணும்."

போடிமெட்டு வந்தபோது மணி ஒன்பது. செக்போஸ்ட்டைத் தாண்டினால் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். கீழே பள்ளத்தில் மேகம் பஞ்சுப்பொதியாகக் கிடந்தது. டீக்கடை ஓரமாக வண்டியை ஒதுக்கினாள். எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் சத்தமும் போய்விடுமே என்ற பயம்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "சர்வீசு விட்டியா? அப்ப அப்பிடித்தான் இருக்கும். ரெண்டு நாள் ஓடுனா சரியாயிரும்."

அப்படியே நம்பிவிட்டுப் போக அவளுக்கும் ஆசைதான். ஆனாலும் ராஜா முகம்மதுவுக்குப் போன் போட்டாள்.

"புது பெல்ட்டும்மா. கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும்" என்றார் அவர். பின்னால் யாரோ இரும்பைத் தட்டும் ஓசை கேட்டது.

"பாய், இது அப்பிடி இல்ல. காலையில மலையேறுறப்ப இல்ல, தோட்டத்துலருந்து கிளம்புனப்புறம்தான் வருது."

"நிக்கிறப்பயும் கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப வீலு இல்ல. கிளச்ச மிதி."

மிதித்தாள். "மாறல பாய்."

"ஏ.சி.யைப் போட்டு அணைச்சுப் பாரு."

பார்த்தாள். அதிலும் வித்தியாசமில்லை.

"லேசா ஆக்சிலேட்டரக் குடு."

கொடுத்தாள். உரசல் எஞ்சினோடு சேர்ந்து வேகம் எடுத்தது. கால் எடுத்ததும் தளர்ந்தது. அதைச் சொன்னாள். மறுமுனையில் இரும்புச் சத்தம் நின்றுபோனது. பட்டறையில் எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லியிருப்பார் போல.

"ஜாக்கிக் கம்பி இருக்குல்ல? அதை எடு. பானெட்டத் தூக்கிட்டு, துப்பட்டாவக் கழட்டி வச்சிட்டுக் குனி. கம்பியோட ஒரு முனைய எஞ்சின் மேல வச்சு, மறுமுனையக் காதுக்கு முன்னால இருக்குற எலும்புல ஒட்டு. முதல்ல நடுவுல வையி."

நடுவில் டீசல் எஞ்சினின் வழக்கமான டகடகப்பு. நல்ல ஆளின் நாடித்துடிப்பு மாதிரி சீராக இருந்தது.

"இப்ப ஓரத்துல கருப்பு பிளாஸ்டிக் மூடி. அதுல வையி. சுத்துறது எதுலயும் கை படாமப் பாத்துக்க."

கம்பியை நகர்த்தினாள். சரக், சரக் என்று அது அவள் மண்டைக்குள்ளேயே உரசியது. தாடை அதிர்ந்தது.

"பாய், உள்ள என்னமோ மூடியப் போட்டுத் தேய்க்குது."

அவர் குரல் சட்டென்று மாறியது.

"அணை. இப்பவே அணை. மறுபடி சாவியத் தொடாத. நான் வர்றேன்."

"என்ன பாய்?"

"பெல்ட்டு எடம் மாறி ஓடுது. அதை இறுக்கிப் பிடிக்கிற உருளை ஆடுதுன்னு நெனைக்கிறேன். அது கழண்டா எஞ்சின் நடு ரோட்டுல நின்னுரும். ஸ்டியரிங் கல்லாயிரும். பிரேக்கு ரெண்டு மிதி மிதிச்சா முடிஞ்சது."

சாவியைத் திருகி எடுத்தாள். மலைச்சரிவில் சாலை கீழே வளைந்து இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

பாண்டீஸ்வரிக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. "அப்ப இவுக எப்பிடிப் போறது?"

கன்னையன் வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். அதுதான் அமுதவள்ளியை அதிகமாக மிரட்டியது.

நடுரோட்டில் போய் நின்றாள். முதலில் வந்த பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள். அடுத்து வந்த கார் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. கால் மணி நேரம் கழித்து ஏலக்காய் மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று செக்போஸ்ட்டைத் தாண்டி மெல்ல வந்தது. இரண்டு கையையும் விரித்து மறித்தாள். ஓட்டி வந்தவன் மகாராஜன், போடி ஸ்டாண்டில் பார்த்துப் பழகிய முகம்.

"அண்ணே, டயாலிசிஸ் ஆளுண்ணே. தேனிக்குப் போகணும். என் வண்டி இறங்காது."

"எனக்குப் போடியில லோடு இறக்கணுமே" என்று சொல்லிக்கொண்டே மகாராஜன் காருக்குள் பார்த்தான். கன்னையனின் கால்களைப் பார்த்தான். "லோடு கெடக்கட்டும். ஏத்து."

கன்னையனை இருவருமாகத் தாங்கி முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். பாண்டீஸ்வரி அவனோடு ஒடுங்கிக்கொண்டாள். பிக்கப் முதல் வளைவில் திரும்பி மறையும்வரை அமுதவள்ளி பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த வண்டியாவது நல்லபடியாக இறங்க வேண்டுமே என்ற கவலை இப்போது தொற்றிக்கொண்டது. டீ வாங்கினாள். பாதியில் வைத்துவிட்டாள்.

ராஜா முகம்மது பைக்கில் வந்து சேர்ந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. கடை திறக்கக் காத்திருந்து புது பெல்ட், உருளை, போல்ட் எல்லாம் வாங்கி வந்திருந்தார். சலாம் சொல்லவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து மூடியைக் கழற்றினார்.

பெல்ட்டின் ஒரு விளிம்பு நார்நாராகப் பிய்ந்து கிடந்தது. உருளையைப் பிடித்திருந்த போல்ட்டில் விரலை வைத்தார். ஸ்பேனர் தேவைப்படவில்லை. விரலாலேயே சுழன்றது. மூன்றே சுற்றில் கையோடு வந்துவிட்டது.

அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். போல்ட் மட்டம் என்றோ, பெல்ட் டூப்ளிகேட் என்றோ சொல்லியிருக்கலாம். அமுதவள்ளி நம்பியும் இருப்பாள்.

"என் தப்பும்மா" என்றார். "சனிக்கிழமை இதைக் கையால மாட்டுனேன். டார்க் ரெஞ்சு எடுத்து அளவு பாத்து இறுக்கணும்னு எந்திரிச்சேன். அந்நேரம் எம்மக முஸ்கானுக்குப் பிரசவ வலி வந்துருச்சுன்னு போன். அப்பிடியே ஓடிட்டேன். மகளும் பிள்ளையும் நல்லா இருக்காகன்னு பாத்துட்டு வந்து, சந்தோசத்துல மூடிய மாட்டிட்டேன். இறுக்குனேனான்னு ஒரு தடவகூட நெனச்சுப் பாக்கல."

அமுதவள்ளிக்குக் கோபம் கழுத்துவரை வந்தது. "நான் அந்தச் சத்தத்தக் கேக்காம இறங்கியிருந்தா பாய்? அந்த மனுசன் பின்னால உக்காந்திருந்தாரு."

"ஆமா."

திட்டினால் வாங்கிக்கொள்ள நிற்கிற ஆளை என்னவென்று திட்டுவது? வண்டியைத் தூக்க ஜாக்கிக் கம்பியை எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கும்போது அளவு சரி என்று ரெஞ்ச் 'டிக்' சொல்லும் வரை அவள் பக்கத்திலேயே நின்று கேட்டாள். உருளை போல்ட்டுக்கு ரெஞ்சை அவள் கையில் கொடுத்தார். முழு பலத்தையும் கொடுத்து இழுத்தாள். டிக். எஞ்சினைக் கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றி, அடையாளக் கோடுகள் நேராக நிற்கிறதா என்று இருவரும் பார்த்தார்கள். பிறகு சாவி. எஞ்சின் சூடாகும்வரை அரை மணி நேரம் நிறுத்திய இடத்திலேயே ஓட்டவிட்டார். அவள் கம்பியை மூடியில் வைத்தாள். உரசல் இல்லை. மறுபடி வைத்தாள். இல்லை.

இதற்கிடையில் பாண்டீஸ்வரியின் போன் வந்திருந்தது. பதினொன்றே முக்காலுக்கு மெஷினில் போட்டுவிட்டார்களாம். தாமதத்துக்கு நர்ஸ் சத்தம் போட்டாராம்.

ராஜா முகம்மது பைக்கை டீக்கடையில் விட்டுவிட்டு வந்து முன் சீட்டில் ஏறினார்.

"நீங்க எதுக்கு பாய்?"

"நீ இறங்குறப்ப நான் மேல நிக்க முடியாது. ஓட்டு."

பதினேழு வளைவும் இருவரும் வண்டிச் சத்தத்துக்கே காது கொடுத்திருந்தார்கள். டயரில் தெறித்த சரளைக்கல், எதிரே ஏறிய லாரி, ஒவ்வொன்றுக்கும் இருவரின் தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. மலையடிவாரத்தில், முந்தலில் சமதரை வந்ததும் வண்டியை நிறுத்தினாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். அவர் இறங்கி, மேலே போகிற பஸ்ஸுக்காகச் சாலையின் மறுபக்கம் போய் நின்றார். பைக்கை எடுக்க வேண்டுமே.

தேனியில் கன்னையன் தூங்கிக்கொண்டிருந்தான். முகத்தில் காலையிலிருந்த வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. பாண்டீஸ்வரி நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

"போறப்ப நம்ம வண்டிதானே அமுதா?"

அமுதவள்ளி எழுந்து வெளியே போனாள். நிறுத்தத்தில் நின்ற வண்டியைக் கிளப்பி, பானெட்டைத் தூக்கி, கம்பியை வைத்து ஐந்து நிமிஷம் கேட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம வண்டிதான் மதினி."