எந்தப் பக்கம்

"கண்ண மூடுங்க ஐயா" என்றாள் காது மெஷின் பொருத்தும் பெண். பெரியவர் ஒரு கண்ணை மட்டும் மூடினார். அடுத்தவர் எதிரில் இரண்டையும் மூடுகிற ஆள் இல்லை அவர்.

"அப்பா, ரெண்டையும்" என்றாள் கூட வந்திருந்த மகள்.

லாரி ஷெட்டில் பின்னால் எடுக்கிற வண்டிகளுக்குக் கை காட்டுவது அவர் வேலை. போன வாரம் இடப்பக்கம் லாரி வர, அவர் வலப்பக்கம் திரும்பி நின்றார். டிரைவர் பிரேக்கை மிதித்ததால் பிழைத்தார். "காதைச் சரி பண்ணிட்டு வா, இல்லேன்னா வீட்டோட இரு" என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

பெண் சாவிக்கொத்தைக் குலுக்கியபடி அறையைச் சுற்றி நடந்தாள். காதில் மாட்டிய புது மெஷினில், மேலே ஓடும் விசிறியின் இரைச்சல் இல்லை, சுவரில் மோதி வரும் எதிரொலி இல்லை, சாவிச் சத்தம் துடைத்துவைத்த மாதிரி கேட்டது. ஆனால் எங்கே? அவர் மண்டைக்கு நடுவிலல்லவா குலுங்குகிறது! குத்துமதிப்பாக வலப்பக்கம் விரலை நீட்டினார்.

"அவங்க இந்தப் பக்கம்பா." மகளின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"இரைச்சலே கூடாதுன்னு நீங்கதான ஐயா ஒத்தக்கால்ல நின்னீங்க?" என்றாள் பெண். "ஒரு சத்தம் ரெண்டு காதுக்கும் ஒரே மாதிரி வராது. அந்த வித்தியாசத்த வச்சுத்தான் பக்கம் தெரியும். இப்ப ரெண்டு மெஷினும் தனித்தனியா இரைச்சல வழிச்செடுக்குது, வித்தியாசமும் கூடவே போயிடுது. ரெண்டையும் சேர்ந்து வேலை செய்ய வைக்கிறேன். கொஞ்சம் இரைச்சல் மிஞ்சும்."

"ஏம்மா, இரைச்சல எடுக்கத்தான இத மாட்டுனேன்? அதையே திருப்பிக் குடுக்கிறியா?"

அவள் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். தலைக்கு மேல் விசிறிச் சத்தம் கரகரவென்று முளைத்தது. பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

"நீ நடக்காத. எம் பொண்ணு நடக்கட்டும். செருப்பக் கழட்டிட்டு."

மகள் சாவியை வாங்கிக்கொண்டாள். இம்முறை அவர் இரண்டு கண்களையும் இறுக மூடினார். விரல் மெல்ல இடப்பக்கம் போய், தோளுக்குப் பின்னால் நின்றது.

விரலை இறக்காமலே கேட்டார்: "வாயில என்ன கொழுக்கட்டையா? சரியா, தப்பா?"

"சரிப்பா." குரலும் அதே மூலையிலிருந்துதான் வந்தது.

ஆனாலும் மூடிய அறையில் ஒரு சாவி என்ன பெரிய சாவி? ஷெட்டில் ஒரே நேரத்தில் எத்தனை இன்ஜின் உறுமும்!

"வண்டிச் சத்தத்துக்கு நடுவுல தெரியுமா?"

"அத நான் சொல்ல முடியாதுய்யா. நீங்கதான் சொல்லணும்."

"அப்ப ஜன்னலத் தொற."

தெருவின் ஹாரனும் பஸ்ஸும் அறைக்குள் கொட்டின. மகள் வெறுங்காலோடு நகர்ந்துகொண்டே சாவியைக் குலுக்கினாள். கண் திறக்காமல் பெரியவர் கையை நீட்டினார். விரல் காற்றில் தடுமாறியது, நின்றது, பிறகு சாவி நகரும் பக்கமாக மெல்லத் திரும்பத் தொடங்கியது.