பிரிக்காத கவர்

எந்த வரைபடத்திலும் இன்று இல்லாத ஒரு பழைய சமஸ்தானத்தின் மேல் என் வீட்டுக்காரருக்குக் கிறுக்கு. அதன் ராஜா அடித்த காசுகளும், அதன் தபாலாபீஸ் முத்திரை குத்திய கவர்களும் எங்கள் வீட்டு நல்ல பீரோவில் கண்ணாடித் தாளுக்குள் சொகுசாகப் படுத்திருக்கின்றன. என் துணிமணி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அந்த ராஜா தன் குடிமக்களைக்கூட இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்க மாட்டான்.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை இதே கிறுக்கு பிடித்த இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் ஏஜென்ட். அந்த ராஜ்யத்தை நேற்றுவரை தானே கட்டி ஆண்டதுபோலப் பேசுவார். அதனால் அவருக்கு நான் வைத்த பெயர் திவான். இன்னொருவர் பல் டாக்டர். சொத்தைப் பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு தபால்தலையின் பின்பக்கத்தை ஆராய்வார். அதைப் பார்த்த நாளிலிருந்து நான் பல் வலித்தால் வேறு டாக்டரிடம் போகிறேன்.

இவர்களுக்குக் கவர்தான் முக்கியம். உள்ளே இருக்கும் கடிதத்தை உருவித் தனியாகப் போட்டுவிடுவார்கள், ஆல்பம் சரியாக மூடாதாம். யாரோ அழுது அழுது எழுதிய நாலு பக்கம் ஒரு மூலையில் கிடக்கும். மூன்று பேரும் முத்திரை நேராக விழுந்திருக்கிறதா என்று தலையை முட்டிக்கொள்வார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய கவர் என் மாமியாருடையது.

மாமியார் ஒரே பெண். இருபது வயதில் அப்பா பேச்சை மீறி, அதே சமஸ்தானத்தின் மறுகோடியில் இருந்த ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போனவர். முதல் சம்பளத்திலிருந்து ஒரு வெள்ளி ரூபாயை, ஊருக்குப் போன ஒருவர் கையில் அப்பாவுக்குக் கொடுத்தனுப்பினார். பத்தாவது நாள் அப்பாவின் கையெழுத்தில் ஒரு கவர் வந்தது. தடவிப் பார்த்தால் உள்ளே காசு. என் காசையே என் மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டார் என்று முடிவு கட்டி, பிரிக்காமலே பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டார். இரண்டு வருஷம் கழித்து அப்பா இறந்த செய்திதான் வந்தது. அதற்கப்புறம் பிரிக்கப் பயம்.

போன வருஷம் பெட்டியைக் குடைந்தபோது அது மகன் கண்ணில் பட்டது. சாதாரணக் கவருக்குள் காசு வைத்து அனுப்பக் கூடாது என்பது அந்தச் சமஸ்தானத்துச் சட்டமாம். சட்டத்தை மீறி வந்து, அபராத முத்திரையும் விழாமல், இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கும் கவர் உலகத்திலேயே இது ஒன்றுதானாம். தாத்தா என்ன எழுதினார் என்று பேரனுக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

போன சனிக்கிழமை மூன்று பேரும் கூடியிருந்த அறைக்குள் மாமியார் வந்து நின்றார்.

"அடுத்த வாரம் எனக்கு ஆபரேஷன். அதுக்குள்ள எங்கப்பா என்ன எழுதினார்னு எனக்குத் தெரியணும். பிரிச்சுப் படிடா."

மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆபரேஷன் அவருக்குத்தானோ என்று நினைக்கும்படி வெளுத்துவிட்டது. பிரித்தால் அது வெறும் கவராகிவிடும் என்றார். திவான், சரித்திரத்தின் மேல் கத்தி வைக்கலாமா என்று கேட்டார். கடைசியில் பல் டாக்டர்தான் வழி சொன்னார். பிரிக்காமலே எக்ஸ்ரே எடுத்துவிடலாம்.

திங்கட்கிழமை எல்லோரும் அவர் கிளினிக்குக்குப் போனோம். நிஜமாகவே வாய் வீங்கிய இரண்டு பேர் வெளியே காத்திருக்க, உள்ளே நோயாளி நாற்காலியில் கவரைக் கிடத்திப் படம் பிடித்தார்கள். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. காசு மட்டும் வட்டமாகத் தெரிந்தது. ஸ்கேல் வைத்து அளந்தார்கள்.

"அரை ரூபாய்!" என்றார் திவான். மூவருக்கும் தலைகால் புரியவில்லை. எந்த வருஷத்து அச்சு என்று சண்டையே தொடங்கிவிட்டது.

"நான் அனுப்பினது முழு ரூபாய்" என்றார் மாமியார்.

யாரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் கேட்டது. அவர் காசு திரும்பி வரவில்லை. இது வேறு காசு.

டாக்டரின் தட்டிலிருந்து கத்தரியை எடுத்து மாமியார் கையில் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்து கவரைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. இது போனா திரும்பக் கிடைக்காது."

"இது யார் பேருக்கு வந்த கடுதாசிடா?"

அவர் கையை எடுத்தார். முத்திரை இல்லாத பக்கமாவது வெட்டச் சொல்லித் திவான் கெஞ்சினார். மாமியார் முத்திரையின் நடுவிலேயே வெட்டினார்.

காசு மேஜையில் விழுந்து உருண்டது. பல் டாக்டர் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, புழக்கத்துக்கே போகாத காசு என்று முணுமுணுத்தார். அதைப் பிடுங்கி மாமியார் உள்ளங்கையில் வைத்தேன். அவர் என்னைப் படிக்கச் சொன்னார். ஒரே ஒரு தாள்தான்.

"உன் ரூபாய் வந்தது. செலவழிக்க மனம் வரவில்லை. வைத்துக்கொள்கிறேன். இது என் காசு, உன் ரயில் சார்ஜுக்கு. வியாழக்கிழமை வண்டியில் வா. ஸ்டேஷனில் நிற்பேன். இந்த வாரம் லீவு கிடைக்காவிட்டால் அடுத்த வியாழன் நிற்பேன். கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டு."

தாளை மாமியாரிடம் நீட்டினேன்.

அவர் அதை வாங்கி, வியாழன் என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"எத்தனை வியாழக்கிழமை நின்னிருப்பார்?"

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான். அந்தச் சமஸ்தானத்தில் எந்த ரயில் எந்தத் தேதிவரை ஓடியது என்பது என் வீட்டுக்காரருக்கு மனப்பாடம். சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வெட்டுப்பட்ட முத்திரையின் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துத் தேதியைப் பார்த்தார்.

"அந்த வருஷம் டிசம்பரோட அந்த வண்டியை நிறுத்திட்டாங்கம்மா" என்றார். "நாப்பத்தோரு வியாழன்."

மாமியார் காசை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"உனக்கு எங்கப்பாவைத் தெரியாது" என்றார். "நாப்பத்திரண்டாவது வியாழனுக்கும் போயிருப்பார்."