மேடேறிய கம்பளிகள்

மழை விட்டு முதல் வெயில் அடித்த காலையில், ஊரிலிருந்த கம்பளி அத்தனையும் மேட்டுப் பக்கமாக நகர ஆரம்பித்தது. கொடியில் காய்ந்த போர்வைகள் கிளிப்போடு ஒரு முனைக்கு ஒதுங்கின. பெட்டிக்குள் மடித்து வைத்த சால்வைகள் மூடியை முட்டின. தபால்காரர் சைக்கிளை ஒரு பக்கம் ஒடிக்க, அவருடைய ஸ்வெட்டர் மறுபக்கம் இழுக்க, அவர் நடுவில் இருந்த சாக்கடையில் இறங்கினார். தையல்கடைக்காரியின் கைக்குழந்தை சுற்றியிருந்த கம்பளியோடு வாசல்வரை வழுக்கி வந்து, தூக்கம் கலையாமல் கிடந்தது.

சாப்பாட்டு வேளைக்குள் பாதி ஊர் பின்னல்காரியின் வீட்டு முன்னால் கூடிவிட்டது. எல்லாம் அவள் கைவேலை. மேட்டில் மேயும் ஆடுகளின் ரோமத்தை வாங்கி, அலசி, சிக்கெடுத்து, நூற்று, போர்வையைத் தறியிலும் ஸ்வெட்டரை ஊசியிலும் அவளே செய்தாள். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள். உலை கொதிக்கும் நேரத்தில்கூட நின்றபடியே நாலு வரிசை பின்னிவிடுவாள். அவள் புருஷன் நேரெதிர். லாரி ஓட்டியவன். ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்து, கூட வந்த கிளீனர் செத்துப்போனதிலிருந்து, ஜன்னலோர நாற்காலியே கதி என்று இருந்தான். காலில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். வருஷங்கள் ஓடின. நாற்காலிக்குப் பிரம்பு மாற்றினார்கள், அவன் மாறவில்லை.

கூட்டத்துக்குப் பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தபோது, உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பினாள். புருஷன் நின்றுகொண்டிருந்தான். ஸ்வெட்டர் தோளைப் பிடித்து இழுக்க, கால்கள் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தன. அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு படியிறங்கினான். அவள் பாய்ந்து ஸ்வெட்டரின் கையைப் பிடித்தாள். அது தெருவின் அகலத்துக்கு நீண்டுகொடுத்தது. அவளுடைய மறுகையில் கத்தரிக்கோல் இருந்தது. குறுக்கே ஒரு வெட்டு வெட்டினால் போதும், ஆள் நாற்காலிக்குத் திரும்பிவிடுவான்.

"விடு," என்றான். "எங்கதான் போகுதுன்னு பாத்துட்டு வரேன்."

"வராம போயிட்டீங்கன்னா?"

"பசிக்கும்ல? வந்துருவேன்."

விட்டுவிட்டாள். வீட்டுக்குள் போக மனமில்லாமல், ஆட்டுக்காரனின் பட்டிக்கு ஓடினாள். மந்தை முழுவதும் அங்கே தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

"மேய்ச்சல் நெலத்தச் சுத்தி குவாரிக்காரர் வேலி போட்டுட்டாருக்கா," என்றான் அவன், மழை பெய்ததைச் சொல்வதுபோல. "ஆடு போக முடியல. ரோமமாவது போவட்டும்."

சாயங்காலத்துக்குள் ஊர்க் கம்பளி முழுவதும், மாட்டியிருந்த ஆட்களோடு, வேலியில் போய்ச் சாய்ந்தது. கம்பங்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. போர்வைகள் புல்லில் பரவிக் கிடந்துவிட்டு வீடு திரும்பின. அவனும் முழங்காலெல்லாம் சேற்றோடு வந்து, இரண்டாம் முறை சோறு கேட்டான்.

குவாரிக்காரர் மறுபடி வேலி நட்டார். மறுபடி சாய்ந்தது. கடைசியில் அலுத்துப்போய் ஆடுகளுக்கு வழிவிட்டார். ஆனால் கம்பளிக்குப் பழகிவிட்டது. வருஷந்தோறும் மழைக்குப் பின் முளைக்கும் முதல் பச்சைக்கு மேடேறித்தான் திரும்பும். ஊர்க்காரர்கள் அந்த நாட்களில் குழந்தைகளுக்குப் பருத்தி போர்த்தினார்கள். தபால்காரர் நடந்தே போனார். கம்பளி அடங்கியதும் இனி நாற்காலிதான் என்று பின்னல்காரி நினைத்திருந்தாள். அவனோ வெறும் சட்டையோடு படியிறங்கிப் போய், ஆட்டுக்காரனோடு மந்தை ஓட்டினான்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் போன பொழுதிலிருந்து வாசலுக்கும் தறிக்கும் நடந்தாள். கண்ணி தவறியது. ஒரு ஸ்வெட்டர் மூன்று கைகளோடு முடிந்தது. அதையும் யாரோ வாங்கிப் போனார்கள். கத்தரிக்கோலைப் பார்க்கும்போதெல்லாம் வெட்டியிருக்கலாமோ என்று தோன்றும், தோன்றியதற்காக மனசு குமையும்.

அப்படி ஒரு வருஷம், முதல் பச்சை கண்ட காலையில், தறியில் பாதி நெய்த போர்வையை அப்படியே விட்டுவிட்டு, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினாள். உடம்பில் கம்பளி நூல் ஒன்றுகூட இல்லை. பாதி வழியில் தையல்கடைக்காரியின் சால்வை பின்னால் வந்து முட்டியது. இவள் ஓரமாக ஒதுங்கி, அது முன்னே போக வழிவிட்டு, மேல்மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி ஏறினாள்.