முறிகண்டியில் ஒன்றரை மணி நேரம்

பலாபத்வலயிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எங்கள் மசாலா லொறிகள் போக நான் போட்ட பாதைத் திட்டத்தில் குற்றம் காண ஆளில்லை என்றே நினைத்திருந்தேன். எங்கே வேகம் அறுபதைத் தாண்டக் கூடாது, எவ்வளவு எடை ஏற்றலாம், யானை கடக்கும் இடத்தை விடிந்த பிறகு எத்தனை மணிக்குத் தொட வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. மதவாச்சியில் அரை மணி ஓய்வு. முறிகண்டிப் பிள்ளையாருக்குப் பத்து நிமிடம். காப்புறுதிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஒரு கொப்பி எடுத்துக்கவா மிஸ்?" என்று கேட்டார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

முறிகண்டிக்கு ஏன் பத்து நிமிடம் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வீதியில் போகிறவர்கள் அங்கே இறங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டுதான் போவார்கள். ஐந்து வேளையும் தொழுகிற எங்கள் முதலாளி லாபிர்கூட, "அந்த ஸ்டொப்பில மட்டும் கை வைக்காதீங்க" என்பார்.

ஆனால் அழகமுத்து அண்ணன் அங்கே ஒன்றரை மணி நேரம் நின்றார். யட்டவத்தக்காரர், இருபத்தாறு வருடச் சாரதி, லொறியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. எங்களிடம் ஐந்து சாரதிகள், நாளுக்கு ஒருவராக யாழ்ப்பாணம் போவார்கள். மூன்று மாதமாக அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் பிந்தினார். என் கணினி பிந்துகிற லொறியை மட்டும்தான் சிவப்பில் காட்டும். மற்ற நால்வரின் ஜீபீஎஸ் பதிவை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை.

"அங்க என்னண்ணே பண்றீங்க?" என்று கேட்டேன்.

"சாமி கும்பிட்டேன் தங்கச்சி."

"ஒன்றரை மணி நேரமா?"

"கூட்டம்."

செவ்வாய்க்கிழமை காலையில் என்ன கூட்டம்? எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லவும் தெரியாத மனிதர்.

யாழ்ப்பாணக் கடைக்காரர்களின் முறைப்பாடு முதலாளிக்குப் போனது. "தர்ஷிகா, அவர லோங் ரன்னுல இருந்து எடுத்துருங்க. பல்லேபொல பக்கம் சின்ன லொறியில மிளகு சேர்க்கட்டும். கடிதம் அடிங்க" என்றார். கடிதம் அடிப்பதற்குள்ளேயே செய்தி லொறி முற்றம் முழுக்கப் பரவிவிட்டது. அந்த வயதில் அவருக்கு அதைவிட அவமானம் வேண்டியதில்லை.

கடிதத்தோடு வைக்க ஓர் ஆதாரம் தேடினேன். நேரம் தவறாத கிஷாந்தின் பதிவைத் திறந்தேன். இருபத்தெட்டு வயதுப் பையன், முறிகண்டியில் பத்து நிமிடம்தான் நின்றிருப்பான். ஆனால் ஒரு மணி நேரம் இருபத்தைந்து நிமிடம் என்று இருந்தது. பிழையாக இருக்கும் என்று அடுத்தவருடையதைத் திறந்தேன். ஒரு மணி நாற்பது. மற்ற இருவரும் அப்படியே. மதவாச்சியில் ஒருவர்கூட ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. ஆனால் ஐந்து பேரின் பதிவுப் புத்தகத்திலும் "மதவாச்சி, அரை மணி ஓய்வு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது.

முறிகண்டிக்குப் பிறகுதான் வித்தியாசம். கிஷாந்த் ஆனையிறவைத் தொண்ணூற்று நாலு கிலோமீற்றர் வேகத்தில் தாண்டியிருந்தான். மற்ற மூவரும் தொண்ணூறுக்குக் குறையவில்லை. அழகமுத்து அண்ணன் ஐம்பத்தெட்டில் போயிருந்தார்.

அவரைக் கூப்பிட்டு, மற்றவர்கள் பற்றி எதுவும் சொல்லாமல், உண்மையைக் கேட்டேன்.

"இப்பல்லாம் சாமான் ஏத்தி முடிய ராத்திரி பன்னெண்டாகுது. நாலு மணிக்கு வண்டிய எடுக்கணும். முறிகண்டி வர்றப்ப கண்ணு சொருகுது தங்கச்சி. அங்க மரத்தடி இருக்கு. ஏன் நின்னேன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"மதவாச்சியில தூங்கியிருக்கலாமே?"

"கடை வாசல்ல, ஹோர்ன் சத்தத்துலயா?"

நான் தம்புள்ளையைத் தாண்டிப் போனதே இல்லை. வரைபடத்தில் பாதித் தூரம் என்று மதவாச்சியில் ஒரு புள்ளி வைத்தவள் நான்தான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"தூங்குற ட்ரைவருக்கு யாரு லொறி குடுப்பா?"

கடிதத்துக்குப் பதிலாக ஐந்து பேரின் பதிவுகளையும் முதலாளியின் மேசையில் வைத்தேன். "லேட்டாகாத நாலு பேரும் தொண்ணூறுல பறக்குறாங்க. நம்ம திட்டப்படி வேகத்துல ஓடுறவரு ஒருத்தர்தான். யார எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க முதலாளி."

அவர் நெடுநேரம் தாள்களைப் புரட்டினார். "எல்லாருக்கும் ஒன்றரை மணி குடுத்தா சாமான் பிந்துமே" என்றார்.

"பிந்தட்டும். கடைக்காரங்ககிட்ட நான் பேசுறேன்."

"லேசா சொல்லிட்டீங்க." தாள்களை என் பக்கம் தள்ளினார். "சரி, மாத்துங்க. ஓய்வுன்னு எழுதுங்க."

நான் ஓய்வு என்று எழுதவில்லை. அப்படி எழுதினால் தூங்குவதை மறுபடியும் ஒளிப்பார்கள். "முறிகண்டி: தூக்கம், ஒன்றரை மணி நேரம்" என்று அடித்தேன்.

சனிக்கிழமை அழகமுத்து அண்ணன் வந்தார். கடிதத்தை எதிர்பார்த்து வந்தவர், நான் வாய் திறக்குமுன் லொறிச் சாவியை மேசையில் வைத்தார். புதிய திட்டத்தைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்துக்கொண்டே வந்தார். தூக்கம் என்ற சொல்லில் விரல் நின்றது. முகம் சுண்டிப்போனது.

"இது எனக்கு மட்டுமா தங்கச்சி?"

"அஞ்சு பேருக்கும்ணே. எல்லாரும் அங்கதான் தூங்குறாங்க."

"கிஷாந்துமா?"

"கிஷாந்தும்தான்."

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"மூணு மாசமா, எனக்குத்தான் வயசாயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.