சாட்சி: அப்துல் சுபான்

அப்துல் சுபானின் பெயரை மனுவில் சேர்க்கச் சொன்னது அமுதவல்லிதான். அவளை யாரும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள், அதுவும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

சென்னையில் கப்பலை விட்டு இறங்கி வேனில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதியமான்கோட்டையிலிருந்து போன பதினெட்டுப் பேர். வருடா வருடம் கோயில் கோயிலாக ஆள் கூட்டிக்கொண்டு போகும் முனிராஜ், இந்த முறை புதுசாகக் கப்பல் என்று ஆசை காட்டியிருந்தான். மூன்று நாள் கடலில் சுற்றல், வேளா வேளைக்குச் சாப்பாடு, ராஜ உபசாரம் என்று நோட்டீஸே அடித்திருந்தான். திருவண்ணாமலை தாண்டும்வரை வேனுக்குள் யாரும் அவனுக்கு முகம் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் செல்லம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"ஏம்பா முனிராஜு, ராஜ உபசாரம்னு போட்டிருந்தியே, அது எந்த ராஜா? பட்டினி கெடந்து செத்தவனா?"

"நான் என்னக்கா பண்றது? கப்பலு என்னுதா?"

"உன்னுதா இருந்தா அன்னைக்கே முழுவிப் போயிருக்கும். அந்த இட்லியை எடுத்துக் கடல்ல வீசியிருந்தா நாலு மீனு மண்டை ஒடைஞ்சு மெதந்திருக்கும். சாம்பாருல வெல்லம். சோறு ஓரமெல்லாம் காஞ்சு வெரைச்சுக் கெடக்குது. கறிக்கொழம்புல கெடந்த கரண்டியையே எடுத்துப் பருப்புலயும் போடறான். ஒரு வேளைத் தயிர்ச்சோறு தவிர மூணு நாளா ரொட்டியும் வாழப்பழமும் தின்னுட்டு வரேன், வயிறு பலகையாட்டம் ஒட்டிக்கிச்சு."

அவ்வளவுதான், வேன் முழுக்கப் பிடித்துக்கொண்டது. ரூமில் ஜன்னலே இல்லை, விடிந்ததா இருட்டியதா என்றே தெரியவில்லை என்றார் ஒருவர். குளிக்கிற இடத்தில் தண்ணீர் போகாமல் கணுக்கால் வரைக்கும் நின்றது என்றாள் ஒருத்தி. நாலு லிப்ட்டில் இரண்டு ஓடவில்லை. ஒரு தோசைக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, கிட்டே போனதும் மாவு தீர்ந்துவிட்டது என்று கையை விரித்தான். கம்பியைப் பிடித்து நின்றால் பெயிண்டோடு துருவும் கையில் வந்தது. கேட்கப் போனால், கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள்.

"அவ சிரிச்சதுதான் எனக்குப் பொறுக்கல. திட்டியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும்" என்றாள் செல்லம்மாள்.

இதையெல்லாம் கேட்டபடி முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார் மாதவராஜ், அமுதவல்லியின் கணவர். தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் வாசலில் முப்பது வருடமாக மனு எழுதிக் கொடுப்பவர். திங்கட்கிழமை குறைதீர் நாளென்றால், அவர் மேசை முன்னால் கும்பல் நிற்கும். பட்டா, பாதை, ரேஷன் கார்டு, பக்கத்துக்காட்டுக்காரன் வரப்பை வெட்டியது என எது வந்தாலும் ஒரே பக்கத்தில் அடக்கிவிடுவார். அவர் பையிலிருந்து முழு நீளத் தாளை எடுத்ததும் வேன் அடங்கிவிட்டது.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க. கத்தாம சொல்லுங்க. கம்பெனிக்கே போடுவோம்."

அரூருக்குள் வேன் நுழையும்போது பதினோரு குறைகளுக்கு எண் போட்டு எழுதியிருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கு நிறுத்தினார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மாதவராஜ் தாளைத் திரும்பப் படித்து, உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் சரி. சாட்சி இல்ல."

"நாம பதினெட்டுப் பேரு இருக்கறமே!" என்றான் முனிராஜ்.

"நாமெல்லாம் மனுதாரருங்கய்யா. நாமே சொல்லி நாமே சாட்சின்னா எவன் ஒத்துக்குவான்? எதிர்த்தரப்பு ஆளு ஒருத்தன் பேரு வேணும். விஏஓ மேல மனு போட்டா தலையாரியைச் சாட்சியாப் போடுவேன். அப்பத்தான் எடுத்துப் படிப்பாங்க. பேரு இல்லைனா மடிச்சு ஓரமா வெச்சிருவாங்க. கப்பல்ல யாரு பேராவது தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. சட்டையில் குத்தியிருந்த பெயர்களெல்லாம் வாயில் நுழையாத வடக்கத்திப் பெயர்கள். அப்போதுதான் அமுதவல்லி சொன்னாள்.

"அந்தத் தம்பி இருக்குதே, அப்துல் சுபான். இந்த அரூருதாங்க அவருக்கு."

எல்லார் முகமும் ஒருமுறை மலர்ந்தது. மூன்று நாளில் கப்பலில் அவர்களிடம் தமிழில் பேசிய ஒரே ஆள் அவர்தான். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவர். "தர்மபுரிங்களா! நம்மூருங்களா!" என்று முதல் நாளே வந்து நின்றவர், வேலையாட்களுக்குச் சமைக்கிற இடத்திலிருந்து தயிர்ச்சோறு கொண்டுவந்து செல்லம்மாளுக்குக் கொடுத்தார். மாதவராஜுக்கு மாத்திரை போட பிளாஸ்கில் வெந்நீர் கொடுத்தார். இரண்டாம் நாள் மத்தியானம் அமுதவல்லியின் காதருகே குனிந்து, "அம்மா, அந்தப் பிரியாணிப் பக்கம் மட்டும் போவாதீங்க. நேத்து மிஞ்சுனதைச் சூடு பண்ணி வெச்சிருக்காங்க" என்றார். அமுதவல்லியின் ரூமில் மேலே ஓடிய குழாயிலிருந்து படுக்கை மேல் சொட்டுச் சொட்டாக ஒழுகியதைக் காட்டியபோது, "இது ரெண்டு மாசமா ஒழுவுதுங்கம்மா. எழுதிக் குடுத்தும் யாரும் பாக்கல" என்று சொல்லிவிட்டு, தானே ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார்.

"அதையெல்லாம் எழுதுங்க. நல்ல மனுசன்னு கம்பெனிக்கும் தெரியட்டுமே" என்றாள் அமுதவல்லி.

மாதவராஜ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே எழுதினார். 'அறையில் இரண்டு மாதமாகக் குழாய் ஒழுகுவதையும், பழைய உணவு மறுபடி சூடு செய்து பரிமாறப்பட்டதையும் தங்கள் ஊழியர் திரு. அப்துல் சுபான் அவர்களே எங்களிடம் நேரில் ஒப்புக்கொண்டுள்ளார்.' உரக்கப் படித்தும் காட்டினார். ஒப்புக்கொண்டுள்ளார் என்ற வார்த்தை அமுதவல்லிக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் மனு என்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டாள். பதினெட்டுப் பேரும் வேன் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

இருபத்து மூன்றாம் நாள் பதில் வந்தது. இங்கிலீஷ் கடிதம். மாதவராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடியே படித்தார். அவர் முகம் பூரித்துப் போயிற்று.

"ஏ அமுதா! இங்க வா! நடவடிக்கை எடுத்துட்டாங்க! முப்பது வருசத்துல எழுதுன உடனே நடவடிக்கை எடுத்தது இந்த மனுவுக்குத்தான்."

"என்ன எடுத்தாங்களாம்? கொழாயைச் சரி பண்ணிட்டாங்களா?"

"இரு, படிக்கிறேன். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்… விசாரணை செய்ததில்… நிறுவனத்தின் உள் விவகாரங்களைப் பயணிகளிடம் பேசியதாகத் தெரியவந்த ஊழியர்…" குரல் இறங்கிவிட்டது. "…பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார். தங்கள் அடுத்த பயணம் இனிதாக அமைய வாழ்த்துகிறோம்."

"எந்த ஊழியருங்க?"

மாதவராஜ் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"சாட்சியைப் போய் எவனாவது தண்டிப்பானா?" என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் முணுமுணுத்தார்.

அன்று சமைத்தது அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் அமுதவல்லி சேலை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றாள்.

"எங்க?"

"அரூருக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மசூதித் தெரு, டைலர் கடைக்கு அடுத்த வூடுன்னு அந்தத் தம்பி சொல்லியிருக்குது."

"போயி என்ன பண்ணப் போற? நீ போயி அழுதா கம்பெனிக்காரன் அவனைக் கூப்புட்டு வேலை குடுத்துருவானா?"

"குடுக்க மாட்டான்தான். நீங்க வரீங்களா?"

அவர் வரவில்லை. உள்ளே போய் அரைமணி நேரம் கழித்து ஒரு கவரோடு வந்தார். "மறுபரிசீலனைக்கு எழுதியிருக்கேன். அவன்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா" என்று நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

தர்மபுரி போய் பஸ் மாறி அரூர் சேருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. டைலர் கடையில் கேட்டதும் காட்டினார்கள். கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அப்துல் சுபானின் மனைவி அக்தர் பேகம். பெயரைச் சொன்னதும் முகம் விரிந்தது.

"கப்பல்ல வந்தாங்கன்னு சொன்னாரே, அந்த அதியமான்கோட்டை அம்மாவா! உள்ள வாங்க, உள்ள வாங்க. என்னங்க, யாரு வந்திருக்காங்க பாருங்க!"

அப்துல் சுபான் லுங்கியோடு எழுந்து வந்தார். கப்பலில் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கறுப்பு டையுமாகப் பார்த்த ஆள்தானா என்றிருந்தது. தாடி வளர்ந்திருந்தது. ஆனால், சிரிப்பு அதேதான்.

"எப்புடிம்மா வந்தீங்க? ஐயா சுகமா? செல்லம்மா அக்காவுக்கு இப்ப வயிறு சரியாச்சுங்களா?"

அமுதவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருக்காங்க கண்ணு. நீ… லீவுல வந்திருக்கியா?" தெரிந்துகொண்டே கேட்டாள். கேட்ட பிறகு தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"லீவா? நிரந்தர லீவும்மா. பதினோரு வருசம் வேலை பாத்தேன், போன்னு அனுப்பிட்டாங்க. கிச்சன் சமாச்சாரத்தை வெளிய பேசுனேனாம். தொப்பூர்ல ரோட்டு மேல ஒரு ஓட்டல்ல சப்ளைக்கு ஆளு கேட்டாங்க. திங்கட்கெழமை போவணும்."

"யாரு சொன்னாங்களாம்?"

அக்தர் பேகம் டீயோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. "அதைக் கேக்காதீங்கம்மா. வெளியாளா இருந்தாக்கூடப் பரவால்ல. என் கூடப் பொறந்தவன், ஷாருக். இவருதான் அழைச்சுப் போயி அதே கப்பல்ல கிச்சன்ல சேத்துவிட்டாரு. இவரை எறக்குன மறுவாரமே இவரு எடத்துல அவனை நிறுத்திட்டாங்க. போட்டுக் குடுக்காம எப்புடிம்மா குடுப்பாங்க?"

"அவனைச் சொல்லாத" என்றார் சுபான்.

"ஏன் சொல்லக்கூடாது? பழைய பிரியாணியைச் சூடு பண்ணது கிச்சன்ல இருக்கறவனுக்குத்தானே தெரியும்? போன வாரம் வந்தான்மா. நான் சொல்லலக்கா, சொல்லவே இல்லக்கான்னு இந்த வாசல்ல நின்னு அழுதான். இனிமே எனக்குத் தம்பியே இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்திட்டேன். போன்லயும் அவனைப் பிளாக் பண்ணிட்டேன். சொந்த ரத்தம் இப்புடிப் பண்ணுது. மூணு நாளு பாத்த பழக்கத்துக்கு நீங்க பஸ் ஏறித் தேடி வந்திருக்கீங்க பாருங்க. டீ எடுத்துக்குங்கம்மா, ஆறிடும்."

அமுதவல்லி டம்ளரை எடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிடலாம். யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. மடியில் இருந்த பைக்குள் கவர் விறைப்பாக முட்டிக்கொண்டிருந்தது. குடிக்காமலே டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"அம்மாடி, உன் தம்பி சொல்லல."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நாங்கதான் மனு போட்டோம். எழுதுனது எங்க வூட்டுக்காரரு. பேரைச் சொன்னது நானு. நல்ல மனுசன்னு கம்பெனிக்குத் தெரியட்டும்னு நெனைச்சுத்தான் சொன்னேன், சத்தியமா. அவரு சாட்சின்னு போட்டாரு. பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டோம்."

தையல் மெஷின் ஓடும் சத்தம் பக்கத்துக் கடையிலிருந்து கேட்டது. சுபான் லுங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"நான் சொன்னதையெல்லாம் எழுதினீங்களாம்மா?"

"நீ சொன்னதுதான் கண்ணு. அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல."

"கொழாயி ஒழுவுனது?"

"அதுவும்."

"பொய்யி ஒண்ணும் எழுதலையே."

"இல்ல கண்ணு."

அவர் தலையை ஆட்டினார். கோபமாக ஒரு வார்த்தை வந்திருந்தால் அமுதவல்லி தாங்கியிருப்பாள். அவள் கவரை எடுத்து நீட்டினாள். "திரும்ப எழுதியிருக்காரு. நீ ஒரு கையெழுத்துப் போட்டா…"

"வேணாம்மா." அவர் கவரைத் தொடவே இல்லை. "தயவு பண்ணி அனுப்பாதீங்க. இப்ப அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான் நான் ஆவாதவன். இன்னொரு மனு போச்சுன்னா மத்த கப்பல்காரனுங்களும் என் பேரைத் தெரிஞ்சுக்குவாங்க. ஐயாகிட்ட சொல்லிடுங்க."

அக்தர் பேகம் அதற்குள் போனை எடுத்திருந்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். பிளாக்கை எடுத்துவிட்டு, காதில் வைத்தாள். காத்திருந்தாள். திரும்பவும் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண்ணின் குரல் வெளியேயும் கேட்டது.

"கப்பலு ஏறியிருப்பான்" என்றார் சுபான். "நடுக்கடல்ல சிக்னல் கெடைக்காது. கரைக்கு வர மூணு நாள் ஆவும்."

"மூணு நாளா?" என்றாள் அக்தர் பேகம். "அழுதுட்டுப் போனவன், மூணு நாளா…" முடிக்காமல் மறுபடியும் அதே எண்ணை அழுத்தினாள்.

அமுதவல்லி எழுந்து நின்றாள். "நான் வரட்டுங்களா?" என்று கேட்டாள். சுபான் வாசல்வரை வந்தார். அக்தர் பேகம் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதே குரல் அதையே மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தது.