ரெண்டும் ஒன்றென்றால்

தரகர் கொண்டுவந்த மாப்பிள்ளை முஹ்ஸின் மெல்பேர்னிலிருந்து கதைத்த முதல் நாளே நஸ்லாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவளுடைய மகளின் பெயரைக் கேட்டு, அடுத்த தடவை மறக்காமல் விசாரித்தார். உறுத்தியது ஒரே ஒரு சொல்தான். முதல் மனைவியின் பேச்சு வந்தால் "நாங்க செப்பரேட்டட்" என்பார். டிவோர்ஸ் என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை.

அவளுடைய அண்ணன், ஷிப்லி காக்கா, சிரித்தான். "ரெண்டும் ஒண்டுதானே?"

"இல்ல காக்கா. செப்பரேட்டட் எண்டா பிரிஞ்சி இரிக்கிற. டிவோர்ஸ்ட் எண்டா முடிஞ்சி போன."

இந்த வித்தியாசத்தை அவள் அகராதியில் படிக்கவில்லை. காழி நீதிமன்றத்தில் அவளுடைய விவாகரத்து வழக்கு இழுபட்ட காலமெல்லாம் அவளும் அந்த முதல் சொல்லுக்குள்தான் கிடந்தாள். கல்முனைக் கடைத்தெருவில் யாராவது "அவரு எப்ப வாறாராம்?" என்று அவள் கணவனை விசாரித்தால், வாங்க வந்ததை வாங்காமலே திரும்பியிருக்கிறாள்.

"நோண்டினா இந்த இடமும் போயிரும் மகள்" என்றார் உம்மா றஹீமா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, நாள் குறிப்பதற்காக முஹ்ஸின் வீடியோவில் வந்தார். ஷிப்லி போனைப் பிடித்திருந்தான். நஸ்லா நேரடியாகவே கேட்டாள்.

"நீங்க செப்பரேட்டட்டா, டிவோர்ஸ்டா?"

"ரெண்டும் ஒண்டுதானே நஸ்லா."

"ஒண்டெண்டா அந்த மத்தச் சொல்லையும் ஒருக்காச் சொல்லுங்களேன்."

முஹ்ஸின் தொண்டையைச் செருமினார். திரையை விட்டு வேறெங்கோ பார்த்தார்.

"தலாக் இன்னும் குடுக்கல்ல. அதுக்கென்ன? ரெண்டாவது கட்ட மார்க்கத்துல இடமிரிக்கிதானே."

ஷிப்லியின் சிரிப்பு போய்விட்டது. "அவவுக்கு இந்தச் சம்பந்தம் தெரியுமா?"

"அவ பிள்ளைகளோட இரிக்கா. அவவுக்கு ஏன் இதெல்லாம்?"

"நீங்க எங்க இரிக்கீங்க?"

"அதே வீட்டுலதான். வேற அறை."

அந்த முதல் சொல்லும் பொய்தான் என்று நஸ்லாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஷிப்லி ஸலாம் கூடச் சொல்லாமல் அழைப்பைத் துண்டித்தான். உம்மா குசினிக்குள் போய் அழுதார். அந்த அழுகையைக் கேட்கத்தான் நஸ்லாவால் முடியவில்லை.

ஷிப்லி உடனே தரகருக்குப் போன் எடுத்து ஏசினான். ஏச்சுத் தாங்காமல் தரகர், "உங்களுக்கு விருப்பமில்லாட்டி உடுங்க. சம்மாந்துறையிலயும் இவருக்கு ஒரு பொண்ணு பேசித்தான் இரிக்கி" என்று சொல்லிவிட்டார்.

"அந்தப் புள்ளட பேரக் கேளுங்க காக்கா" என்றாள் நஸ்லா.

பெயர் றம்லா. மறுநாள் காலை நஸ்லா அபாயாவைப் போட்டுக்கொண்டு சம்மாந்துறை பஸ்ஸில் ஏறினாள். இறங்கிய இடத்தில் பெயரைச் சொல்லி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினாள். றம்லாவின் உம்மா கதவைப் பாதிதான் திறந்து, இவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"முஹ்ஸினுக்குப் பேசின மத்தப் பொண்ணு" என்றாள் நஸ்லா. "உள்ளுக்கு வரலாமா?"